உபகொந்தராத்துக்காரரோடு பழகிய காலம்

சட்டன் ரயில் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் சரிந்திறங்கும் ஹை ஸ்ட்ரீட்டில், ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய கணக்காளர் கந்தோரொன்றில் நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்தது 1981ஆம் ஆண்டில். கொஸ்ட் அக்கவுண்டன்சிப் பரீட்சைகள் எழுதுவதற்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, இரவில் பெற்றோல் நிலையத்திலே காசு வாங்குவதும் பகலில் வகுப்புக்குப் போவதுமாகக் காலம் கழித்துக்கொண்டிருந்த எனக்கு, மேசையும் நாற்காலியும் பகல் வெளிச்சமும் உள்ள ஓர் உத்தியோகம் கிடைத்ததே பெரும் பாக்கியமாகத் தோன்றியது. நான் படித்த புத்தகங்களில் விவரிக்கப்பட்ட வியாபாரம் ஆலைகளையும் பண்டசாலைகளையும் பற்றியதாக இருந்தது. அந்த மாடிப்படியேறி வந்த வியாபாரமோ சாந்துப்பொடியும் மரத்தூளும் படிந்த சப்பாத்துகளோடு வந்தது. எங்கள் வாடிக்கையாளரிற் பெரும்பாலோர் கட்டட வேலையையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள். எனினும், ஒரு முழு வீட்டைக் கட்டி முடித்து அதன் திறப்பை உடையவர் கையிற் கொடுத்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை. ஒருவர் சுவருக்குச் சாந்து பூசுவார். ஒருவர் குழாய் பொருத்துவார். ஒருவர் சாரம் கட்டிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அதில் ஏறி நின்று தங்கள் வேலையை முடித்த பின் வந்து அவிழ்த்துக்கொண்டு போவார். இவர்களுடைய கணக்குகளை எழுதுவதிலேயே என் உத்தியோக காலத்தின் பெரும் பகுதி கழிந்தது.

உபகொந்தராத்துக்காரர் என்பவர் யார் என்பதை அக்காலத்தில் என்னைக் கேட்ட உறவினர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவது வழக்கம். கட்டடம் வேண்டுமென்று பணம் போடுபவர் ஒருவர். அவரோடு உடன்படிக்கை எழுதி, குறித்த தொகைக்குக் குறித்த தவணையில் முழுக் கட்டடத்தையும் முடித்துத் தருவதாகப் பொறுப்பேற்பவர் பிரதான கொந்தராத்துக்காரர். அந்தப் பொறுப்பின் ஓர் அம்சத்தை அவரிடமிருந்து வாங்கித் தம் தலைமேற் போட்டுக்கொள்பவர் உபகொந்தராத்துக்காரர். இந்த மூன்றாமவருக்கும் முதலாமவருக்கும் இடையே எழுத்தில் யாதொரு சம்பந்தமும் இல்லை. கூரை ஒழுகினால் உடையவர் பிரதான கொந்தராத்துக்காரரைத்தான் கேட்பார். ஓடு போட்டவருக்குக் காசு வராவிட்டால் அவரும் உடையவர் வாசலுக்குப் போக முடியாது, பிரதான கொந்தராத்துக்காரரையே கேட்கவேண்டும். மேலும், உபகொந்தராத்து எடுத்தவர் தம் பங்கில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுப்பதும், அவர் அதிலொரு பகுதியை வேறொருவருக்குக் கொடுப்பதும் உண்டாகையால், பணம் புறப்பட்ட இடத்துக்கும் கரண்டி பிடித்த கைக்கும் நடுவே நாலைந்து கணக்குப் புத்தகங்கள் இருந்துவிடுவது சாதாரணம்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் என் தகப்பனார் வீடு கட்டியபோது இத்தகைய தூரம் இருந்ததில்லை. மேசனோடு பேசியவரும் அவர். தச்சுவேலை செய்தவரோடு நிலைக்கும் கதவுக்கும் பேரம் பேசியவரும் அவர். கிணற்றடிக்குச் சீமெந்து போட்டவருக்குச் சனிக்கிழமை பின்னேரம் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்துக் காசை எண்ணிக் கையில் வைத்தவரும் அவர். வேலையிற் குறை கண்டால் அந்தத் திண்ணையிலேயே சொல்லுவார். காசிற் குறை கண்டால் அவர்களும் அங்கேயே சொல்லுவார்கள். லண்டனுக்கு வந்து, இலட்சக்கணக்கான பவுண் பெறுமதியான கட்டடங்களின் கணக்குத் துண்டுகளைப் புரட்டிய பின்னரே, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் அந்த ஏற்பாடு எவ்வளவு அருமையானது என்பதை நான் உணர்ந்தேன்.

இந்நாட்டிலும் ஒரு காலத்தில் வீடு கட்டுவோர் ஒவ்வொரு தொழிலாளர் தலைவரோடும் தனித்தனியே பேசித்தான் கட்டினார்கள். அதை மாற்றியவராக இங்கிலாந்தின் கட்டடச் சரித்திரத்திற் சொல்லப்படுபவர் தோமஸ் கியூபிற். 1788இல் பிறந்து, தச்சராகத் தொழில் தொடங்கிய அவர், 1815ஆம் ஆண்டளவில் லண்டனில் ஒரு பெரிய வேலையை ஏற்றபோது, வெவ்வேறு தொழிலாளர் தலைவர்களை நம்பியிருப்பதால் உண்டாகும் தாமதத்தைச் சகிக்க முடியாமல், கிரேஸ் இன் ரோட்டில் பட்டறை அமைத்து, கல்வேலை, மரவேலை, ஈயவேலை, வர்ணவேலை எல்லாவற்றுக்கும் ஆட்களைத் தாமே நிரந்தரச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். சம்பளம் பெறும் அத்தனை பேருக்கும் இடைவிடாது வேலை கொடுக்கவேண்டிய நிர்ப்பந்தம் அதனாலேயே அவருக்கு ஏற்பட்டது. அந்த நிர்ப்பந்தமே அவரை, வாங்குவோர் வருமுன்னரே வீடுகளைக் கட்டி வைக்கும் துணிகரமான வியாபாரத்தில் இறக்கி, புளூம்ஸ்பெரியிலும் பெல்கிரேவியாவிலும் வீதி வீதியாக மாளிகைகளை எழுப்பச் செய்தது. வேலையில்லாத நாளுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற அந்தப் பாரத்தைத் தாங்க விரும்பாமையே, பின்வந்த பெரிய ஸ்தாபனங்கள் மறுபடியும் உபகொந்தராத்தை நாடியதற்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஒரு கட்டடத்துக்கு நிலத்தைக் கிண்டும் யந்திரக்காரர் முதற் சில வாரங்களுக்கு மாத்திரமே வேண்டும். சுவருக்கு உட்புறம் பலகை அடிப்பவர் கூரை மூடிய பின்னரே வேண்டும். வர்ணம் பூசுபவர் எல்லோரும் போனபின் வருவார். இவர்கள் அனைவரையும் ஆரம்பம் முதல் அந்தம் வரை சம்பளத்தில் வைத்திருப்பது எந்த ஸ்தாபனத்துக்கும் இயலாத காரியம். அன்றியும், தினமும் ஒரே தொழிலைச் செய்யும் சிறிய குழுவின் கைக்கு வரும் தேர்ச்சி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும் கைக்கு வருவதில்லை. சட்டனின் வட எல்லையிலே, லண்டன் கவுண்டி கவுன்சில் 1928 முதல் 1936 வரை கட்டிய செயின்ட் ஹீலியர் குடியிருப்பு பரந்து கிடக்கிறது; ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அவ்வீடுகளை ஒரு பெரிய ஸ்தாபனம், சாமான்களை ஏற்றியிறக்கத் தனக்கென்று ஒரு ரயில் பாதையே போட்டுக்கொண்டு கட்டி முடித்தது. எட்டு வருஷத்துக்குத் தொடர்ந்து வேலை உண்டு என்ற நிச்சயம் இருந்தமையால் அப்படிச் செய்ய முடிந்தது. அந்த நிச்சயம் நீங்கிய காலத்தில், வேலையின் ஏற்றத்தாழ்வைத் தாங்கும் தோள்கள் வேறு எங்காவது இருக்கவேண்டியதாயிற்று. அவை என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த மனிதர்களின் தோள்கள்.

அவர்கள் சனிக்கிழமை காலையிலேதான் பெரும்பாலும் வருவார்கள். அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலிருந்து இளமையில் வந்து பூச்சு வேலை செய்துவந்த ஒருவரை எனக்கு இன்றும் நன்கு ஞாபகமிருக்கிறது. பருத்த விரல்களாற் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சுவர், எந்த வீடு, யார் கூட நின்றார் என்று சொல்லிக்கொண்டே வருவார். அவை எஸ்.ஸி. 60 என்ற இலக்கமிட்ட பத்திரங்கள். உபகொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கூலியிலிருந்து வருமானவரியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு, கழித்ததற்கு அத்தாட்சியாகப் பிரதான கொந்தராத்துக்காரர் கொடுக்கும் பத்திரம் அது. வரி கழிக்காமல் முழுக் கூலியையும் பெறவேண்டுமானால் அக்காலத்தில் 714 என்ற அத்தாட்சிப் பத்திரம் வேண்டியிருந்தது; புகைப்படம் ஒட்டிய அந்த அட்டையைப் பெறுவதற்கு, வரவு செலவு ஒழுங்காக இருப்பதையும் வரி பாக்கியின்றிச் செலுத்தியதையும் நிரூபிக்கவேண்டியிருந்தது. அதைப் பெற்றவர்கள் அதை ஒரு பட்டம் போலப் போற்றினார்கள்.

இந்த ஏற்பாடு பிறந்த கதையையும் அந்த ஐரிஷ்காரரிடமே முதலிற் கேட்டேன். 1960களில், வரியும் காப்புறுதியும் இன்றி, வேலை முடிந்ததும் ஒரு மொத்தத் தொகையைக் கையிற் கொடுத்து ஆட்களை அனுப்பிவிடும் வழக்கம் கட்டட நிலையங்களிற் பரவியது. 'லம்ப்' என்பது அதற்கு வழங்கிய பெயர். கையில் வரும் காசு அதிகம் என்பதால் இளைஞர் பலர் அதை விரும்பினர். விழுந்து காலை முறித்துக்கொண்டவனுக்கு மறுநாள் யாரும் பொறுப்பில்லை என்பதைப் பின்னரே கண்டனர். வரி தப்புவதைத் தடுக்க 1971ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்தக் கழிவு முறையைக் கொண்டுவந்தது. மறு வருஷம் நாடு முழுவதும் கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 35 மணி நேர வாரத்துக்கு 30 பவுண் கூலி என்பதோடு லம்ப் முறையை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. அவ்வேலைநிறுத்தத்தின் நிமித்தம் ஷ்ரூஸ்பெரியில் வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனை பெற்றவர்களின் தீர்ப்புகள் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரத்துச் செய்யப்பட்டன. அவர்களுட் சிலர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார்கள்.

பத்திரங்களின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலிருந்து சி.ஐ.எஸ். என்ற புதிய அட்டைகள் வந்தன. 2007ஆம் ஆண்டு ஏப்ரலோடு அட்டைகளும் ஒழிந்து, பதிவு செய்தவருக்கு 20 சதவீதம், பதிவு செய்யாதவருக்கு 30 சதவீதம் என்ற கழிவு நிலைபெற்றது. ஐந்தாந் தேதியோடு முடியும் வரி மாதத்தின் கணக்கைப் பத்தொன்பதாந் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற விதி, எங்கள் கந்தோரின் வாழ்க்கைக்கே ஒரு தாளகதியாக அமைந்துவிட்டது.

இலங்கையில் 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் எங்கள் மாடிப்படியில் தமிழும் கேட்கத் தொடங்கியது. அகதிகளாக வந்தவர்கள் முதலிற் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் ஒதுங்கினார்கள். டூட்டிங்கிலும் மிட்சமிலும் அறை எடுத்திருந்தவர்கள், பிள்ளைகள் பிறந்ததும் நல்ல பள்ளிக்கூடங்களை உத்தேசித்துச் சட்டன் பக்கம் குடிபெயர்ந்தார்கள். அவர்களுள் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் இளைஞர், எங்கள் ஐரிஷ் வாடிக்கையாளரிடம் கையாளாக நின்று பூச்சுவேலை பழகி, பின்பு உலோகச் சட்டம் நிறுத்திப் பிளாஸ்டர் பலகை அடிக்கும் டிரைலைனிங் தொழிலில் இறங்கி, 1990களின் தொடக்கத்தில் நாலு பேரை வைத்துச் சொந்தமாகக் கம்பனி பதிவு செய்தார். கணக்கை என்னிடமே தந்தார். கைகெட்டித்தனமும் வார்த்தை சுத்தமும் உள்ள மனிதர். அளவு கோணாமல் அவர் நிறுத்திய சுவர்களைப் பார்ப்பது கண்ணுக்கே ஓர் ஆனந்தம்.

அவருடைய கணக்கைப் பார்க்கத் தொடங்கிய பின்னரே, உபகொந்தராத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பது எனக்குத் துலாம்பரமாயிற்று. அவருடைய ஆட்களுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூலி கொடுத்தாக வேண்டும். பலகையும் ஆணியும் கொடுத்த கடைக்காரர் மாத முடிவிற் காசு கேட்பார். இவருக்கு வரவேண்டிய பணமோ, மாத முடிவில் விண்ணப்பம் அனுப்பி, பிரதான கொந்தராத்துக்காரரின் அளவையாளர் வந்து பார்த்து, எவ்வளவு வேலை முடிந்ததென்று மதிப்பிட்டு, அதற்குமேல் தவணை கணக்கிட்டு, சில வேளை இரண்டு மாதம், சில வேளை மூன்று மாதம் கழிந்தே கைக்கு வரும். வரும்போதும் முழுதாக வராது. குறைகள் இருந்தாற் திருத்துவதற்கு உத்தரவாதமாக நூற்றுக்கு ஐந்து வீதம் பிடித்துவைப்பார்கள். ரிடென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தொகையிற் பாதி, கட்டடம் முழுவதும் முடிந்த பிற்பாடு வரும். மற்றப் பாதி அதற்குப் பின் ஒரு வருஷம் கழித்து வரவேண்டும். இவருடைய வேலை நடுவிலேயே முடிந்துவிட்டாலும், கடைசியில் வர்ணம் பூசி முடிக்கும் வரை இவருடைய கடிகாரம் ஓடத் தொடங்காது.

ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஸ்தாபனத்திடமிருந்து அவருக்குப் பெருந்தொகையொன்று வரவேண்டியிருந்தது. தவணை கடந்தும் வரவில்லை. நான் கடிதம் எழுதினேன். உடையவரிடமிருந்து தங்களுக்குப் பணம் வரும்போது தருவோம் என்று பதில் வந்தது. பணம் கிடைத்தாற் தருவோம் என்ற அந்த ஏற்பாடு உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்ததால் அதற்குமேற் பேச வழியில்லை. ஒரு சனிக்கிழமை அவர் வந்து உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

"வெள்ளிக்கிழமைக் கூலி எப்படித் தம்பி குடுத்தனீர்?" என்று கேட்டேன்.

"சீட்டு எடுத்தனான் அண்ணை," என்றார். "இருவது பேரின்ர சீட்டு. கழிவு கூடத்தான் போச்சு. அவங்களும் பிள்ளைகுட்டிக்காரர், என்ன செய்யிறது."

சீட்டுப் பிடித்துப் பழகிய எங்கள் சனங்களுக்கு அதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. மாதந்தோறும் ஒவ்வொருவரும் போடும் பணத்தை, அவசரமானவர் அதிகக் கழிவு கேட்டு முன்கூட்டியே எடுப்பார். அவர் இழக்கும் கழிவு மற்றவர்களுக்குப் பங்காகப் போய்ச் சேரும். கடையிலும், பெற்றோல் நிலையத்திலும், முதியோர் இல்லங்களின் இரவு வேலையிலும் சிறுகச் சிறுகச் சேர்த்து, மகளின் சடங்குக்கும் ஊரிலிருப்பவர்களுக்கும் என்று அந்தக் குடும்பங்கள் போட்டுவந்த காசு அது. அன்றிரவு வீட்டுக்குப் போன பின்பும் என் மனம் அதிலேயே சுழன்றுகொண்டிருந்தது. நகரத்தின் மத்தியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய காரியாலயக் கட்டடத்தின் உட்சுவர்கள், டூட்டிங்கில் ஒரு தமிழ் வீட்டின் விறாந்தையிற் கூறப்பட்ட சீட்டுக் காசிலே நின்றன. அந்தக் கட்டடத்தின் முகப்பிற் பெயர் எழுதிக்கொண்ட ஸ்தாபனம் தன் பணத்தை வங்கியில் வைத்து வட்டி பெற்றுக்கொண்டிருக்க, அதற்கு வட்டியில்லாமற் கடன் கொடுத்தவர் வடமராட்சியிலிருந்து அகதியாக வந்த ஒருவர். அவர் கழிவு கொடுத்துத் திரட்டிய தொகை அது. உபகொந்தராத்துக்காரர் வியாபாரத்துக்குத் தரும் பொருள்கள் உழைப்பும் தேர்ச்சியும் மாத்திரம் என்று நான் அதுவரை எண்ணியிருந்தேன். அவற்றினும் பெரிதாக அவர் கொடுப்பது காத்திருப்பு. அதற்கு எந்த விலைப்பட்டியலிலும் ஒரு வரி கிடையாது.

இத்தகைய அநீதிகளை அரசாங்கம் அறியாமல் இருந்ததென்று சொல்ல முடியாது. சேர் மைக்கல் லேதம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, கட்டடத் தொழிலின் உடன்படிக்கைகளிலும் பணக் கொடுப்பனவிலும் மலிந்திருந்த பகைமையை விரிவாக எடுத்துரைத்தது. அதன் பயனாக 1996இல் நிறைவேறி 1998ஆம் ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்த சட்டம், தனக்குப் பணம் வந்தாலே தருவேன் என்று எழுதும் நிபந்தனையைச் செல்லாததாக்கியது. காசு வராவிட்டால் ஏழு நாள் அறிவித்தல் கொடுத்து வேலையை நிறுத்திவைக்கும் உரிமையைத் தந்தது. வழக்கு மன்றத்துக்குப் போகாமல் 28 நாளில் ஒரு நடுவர் தீர்ப்பளிக்கும் வழியையும் திறந்தது. அந்தச் சட்டத்தின் வாசகத்தை எங்கள் கந்தோரில் நான் வரி வரியாக வாசித்து வடமராட்சிக்காரருக்குத் தமிழிற் சொன்னபோது, அவர் ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "மேல இருக்கிறவன் முறிஞ்சு போனால், அண்ணை?" மேலே பணம் கொடுக்கவேண்டியவர் திவாலாகிவிட்டால் அந்த நிபந்தனை செல்லும் என்று சட்டம் விதிவிலக்கு வைத்திருந்தது. மிகவும் தேவைப்படும் தருணத்திலேயே விலகிக்கொள்ளும் பாதுகாப்பு அது என்பதை அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுகொண்டார்.

மேலே இருப்பவர் முறிவதன் பெருந்தோற்றத்தை 2018ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி நாடு கண்டது. வைத்தியசாலைகள், வீதிகள், ரயில் பாதைகள், பள்ளிக்கூட உணவு என்று அரசாங்கத்தின் நானாவித காரியங்களையும் கொந்தராத்து எடுத்திருந்த கரிலியன் ஸ்தாபனம் அன்று கலைப்புக்குச் சென்றது. கிட்டத்தட்ட 700 கோடி பவுண் பொறுப்புகளுக்கு எதிரே அதன் கையில் எஞ்சியிருந்த ரொக்கம் 2 கோடியே 90 இலட்சம் பவுண். சிறு வியாபாரிகளுக்கு விரைவிற் பணம் கொடுப்போம் என்ற பகிரங்க உறுதிமொழியில் ஒப்பமிட்டிருந்த அந்த ஸ்தாபனம், 120 நாள் தவணையை வழக்கமாக வைத்திருந்தது. உபகொந்தராத்துக்காரர்களும் சாமான் கொடுத்தவர்களுமாக ஏறக்குறைய 30,000 பேருக்கு 200 கோடி பவுண் வரை கொடுக்கவேண்டியிருந்ததென்று பாராளுமன்றக் குழுக்கள் அந்த வருஷம் மே மாதத்தில் அறிக்கையிட்டன. லிவர்பூலிலும் பர்மிங்ஹாமுக்கு அடுத்த ஸ்மெத்விக்கிலும் அரைகுறையாக நின்ற பெரிய வைத்தியசாலைகளின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. எங்கள் அயற் பிரிவாகிய குரொய்டனின் நூல்நிலையங்களையும் அந்த ஸ்தாபனமே நடத்திவந்ததால், நகரசபை அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. 120 நாள் என்ற தவணையை வாசித்தபோது எனக்கு வெள்ளிக்கிழமைகளே ஞாபகத்துக்கு வந்தன. 120 நாளில் பதினேழு வெள்ளிக்கிழமை வந்து போகும்.

பொறுப்பு பல படிகளாகப் பிரியும்போது நேரக்கூடிய மற்றொரு விபரீதத்தையும் சொல்லாமல் விடுவது தகாது. 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி கிரென்ஃபெல் மாடிக் கட்டடம் எரிந்து 72 உயிர்கள் மாண்டன. அதன் வெளிச்சுவருக்குப் போர்வை போட்ட திருத்த வேலையில் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும், பாதுகாப்பைக் கவனிப்பது இன்னொருவரின் கடமை என்று எண்ணியிருந்தமையை விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் விவரித்தது. கூலியை ஒருவரிடமிருந்து ஒருவர் கைமாற்றுவது போலக் கடமையையும் கைமாற்றிவிடலாம் என்று எண்ணியதன் பலன் அது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என் மனம் இடங்கொடுக்கவில்லை.

அதே கூட்டுவேலை செவ்வனே நடந்தால் எவ்வளவு அழகான பலனைத் தரும் என்பதற்குச் சாட்சிகளும் சட்டனிலேயே இருக்கின்றன. ஹாக்பிரிட்ஜில் 2002ஆம் ஆண்டு முடிவுற்ற பெட்செட் என்ற குடியிருப்பு, வர்ணக் காற்றுக்கூண்டுகளைக் கூரையிற் தாங்கி நிற்பதை ரயிலிற் போகும்போதே காணலாம். பில் டன்ஸ்டர் என்ற கட்டடச் சிற்பி, எரிபொருட் செலவை மிகக் குறைக்கவேண்டுமென்ற இலட்சியத்தோடு வகுத்த அவ்வீடுகளுக்கு, பிரைட்டன் ரயில் நிலையத்திலிருந்து கழற்றிய பழைய இரும்பு உத்திரங்களைக் கொண்டுவந்து மறுபடியும் உபயோகித்தார்கள். பழைய இரும்பைச் சோதித்து, வெட்டி, துளையிட்டு, புதிய வரைபடத்துக்கு இசையச் செய்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கையின் விவேகம் இல்லாவிடில் சிற்பியின் இலட்சியம் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

பெல்மண்டில், பழைய சட்டன் வைத்தியசாலை இருந்த வளவில் 2019ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஹாரிஸ் அகாடமி பள்ளிக்கூடத்தை நான் இன்னும் விசேஷமாக மதிக்கிறேன். பாசிவ்ஹவுஸ் என்ற ஜெர்மானிய நியமத்துக்கு இணங்கக் கட்டப்பட்ட, இந்நாட்டின் முதலாவது இடைநிலைப் பள்ளிக்கூடம் அது. அந்த நியமத்தின்படி, 50 பாஸ்கல் அழுத்தத்தில் சோதிக்கும்போது, ஒரு மணி நேரத்தில் கட்டடத்துக்குள் உள்ள காற்றின் 0.6 பங்குக்கு மேல் இடுக்குகள் வழியே மாறக்கூடாது. இதன் தாற்பரியத்தை எனக்கு விளக்கியவர் எங்கள் வடமராட்சிக்காரரே. சுவரின் உள்ளே காற்றுப் புகாத ஒரு தோலை ஒருவர் ஒட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் மின்சாரவேலை செய்பவர் ஒரு கம்பி விடுவதற்கு விரலளவு துளையிடுகிறார். அதற்கு மறுநாள் குழாய்க்காரர் இன்னொன்று இடுகிறார். ஒவ்வொரு துளையையும் இட்டவரே அடைத்து, அடைத்ததை இன்னொருவருக்குக் காட்டிவிட்டுப் போகாவிட்டால், கடைசிச் சோதனையிற் கட்டடம் முழுவதும் தோற்றுவிடும். தோற்றது யாருடைய துளையால் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். ஆகவே அத்தகைய வேலையில் எல்லா உபகொந்தராத்துக்காரரையும் முன்கூட்டியே அழைத்து உட்காரவைத்து, அந்தத் தோல் எங்கே ஓடுகிறது, எங்கே தொடக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும். "உப்பிடியான வேலையிலதான் அண்ணை, எங்களையும் ஆளெண்டு கூப்பிட்டுக் கதைக்கிறாங்கள்," என்று அவர் சொன்னார்.

ரிடென்ஷன் விஷயத்தில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. வாடகைக்கு வீடு எடுப்பவர் கொடுக்கும் முற்பணத்தை வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்காமல் விட்டுவிடாதபடி, அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடொன்றின் கீழ்க் கொண்டுவரவேண்டும் என்று இங்கிலாந்தில் 2007 முதல் விதி இருக்கிறது. உபகொந்தராத்துக்காரரிடம் பிடித்துவைக்கும் பணத்துக்கும் அப்படியொரு பாதுகாப்பு வேண்டுமென்று, பீற்றர் ஆல்டஸ் என்ற பாராளுமன்ற அங்கத்தவர் 2018ஆம் ஆண்டு ஜனவரியில், கரிலியன் விழுவதற்குச் சில நாட்களின் முன்னரே, ஒரு மசோதாவைச் சமர்ப்பித்தார்; அது சட்டமாகவில்லை. பிடித்துவைத்த பணம் வேலை செய்தவருடைய பணம். அதைப் பெரிய ஸ்தாபனத்தின் கைச்செலவுக்கு விட்டுவைப்பதற்கு நான் இத்தனை வருஷமும் கேட்ட நியாயங்களில் ஒன்றாவது என்னைத் திருப்தி செய்யவில்லை.

எங்கள் வடமராட்சிக்காரர் தொழிலிலிருந்து ஓய்வு பெறத் தீர்மானித்தபோது, வராமற்போன ரிடென்ஷன் தொகைகளைப் பேரேட்டிலிருந்து தொகுத்து, ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் தனித்தனியே கடிதம் எழுதினோம். சிலவற்றின் கந்தோர்கள் மூடப்பட்டிருந்தன. சில, பத்திரங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் எழுதின. சில பதிலே எழுதவில்லை. ஒரு ஸ்தாபனம் மாத்திரம், தாமதத்துக்கு மன்னிப்புக் கோரி, முழுத் தொகைக்கும் காசோலை அனுப்பியது. அந்த வேலையில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நின்றவர்கள் என்றும், ரிடென்ஷன் வந்ததும் அவர்களுக்கு ஏதும் தருவதாகத் தாம் அப்போது வாக்குக் கொடுத்ததாகவும் அவர் சொன்னார். ஒருவர் மிட்சமிலேயே இருந்தார். மற்றவர் கனடாவுக்குப் போய்விட்டிருந்ததால், அவருடைய ரொறொன்ரோ விலாசத்தைத் தேடிப் பிடித்துப் பணத்தை அனுப்பும் காரியத்தை என்னிடம் ஒப்படைத்தார்.